பறக்கத்துக்குப் பிறகு ஒன்று

1

எங்கள் வீட்டுப் பூச்சிகளுக்கு ஐந்து கால்தான். சிலந்திக்கு ஏழு. செம்பரத்தம் பூவுக்கு நாலு இதழ்.

சாம்பியா நாட்டில் எல்லாமே நொண்டிப் பூச்சிகளோ என்று ஊரில் இருக்கிற நீங்கள் இரக்கப்பட வேண்டாம். இவை என் மூத்த மகள் றிஸ்வானாவின் விஞ்ஞானக் கொப்பியில் மட்டும் வாழும் உயிரினங்கள். படத்தில் ஆறு காலையும் மயிர் முதற்கொண்டு அழகாக வரைவாள். பிறகு பென்சில் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, கீழே "கால்கள் 5" என்று எழுதுவாள். போன தவணை அவளுடைய விஞ்ஞான மாஸ்டர் சிவப்பு மையால் கேட்டிருந்தார்: "ஆறாவது காலைத் தின்றது யார்?"

அந்த மாஸ்டர் என்னோடு ஒரே ஓய்வறையில் தேத்தண்ணீர் குடிக்கிறவர். நானும் அதே பள்ளிக்கூடத்தில் கணிதமும் விஞ்ஞானமும்தான் படிப்பிக்கிறேன். இதற்காகவே கல்முனையில் இருந்து கப்பல் மாதிரி இரண்டு பெட்டியைக் கட்டிக்கொண்டு, புருஷனையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு இங்கே வந்தவள். ஊரார் பிள்ளைகளுக்கு அட்சரகணிதம். என் பிள்ளைக்கு ஆறு வரை எண்ண வராது. வெட்கக்கேட்டை யாரிடம் சொல்ல?

அதே தவணையில் அதிபர் கூப்பிட்டு அதைச் சொல்லியும் விட்டார். றிஸ்வானா எண்ணுகிற கணக்குகளில் எல்லாம் பிழை விடுகிறாள், தவணை முடிவில் விஞ்ஞானச் செய்முறைப் பரீட்சை இருக்கிறது, அதிலும் இப்படியென்றால் அடுத்த தவணையில் ஒரு வகுப்புக் கீழே இறக்குவோம் என்றார். கீழ் வகுப்பில் இருப்பது அவளுடைய தங்கச்சி நஸ்றின். இருவரும் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கமாக இருக்க வேண்டி வரும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். நஸ்றினுக்குப் பெருநாள். "றாத்தா, என்ட வாங்கில இடம் இரிக்கி. ஜன்னல் பக்கம் நான்தான்," என்றாள்.

றிஸ்வானா கொப்பியை மூடிவைத்தாள். பன்னிரண்டு வயதில் என் தோளுக்கு மேல் வளர்ந்து நிற்கிற பிள்ளை. "நான் இனிப் போகல்ல உம்மா. வீட்ட இரிக்கிறன்," என்றாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அமைதியாகச் சொன்னாள்.

2

இந்த வியாதி எங்கிருந்து வந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நாவிதன்வெளியில் இருந்து வந்தது.

எங்கள் பகுதியில் வயல் பெண் பிள்ளைக்குத்தான். எனக்குச் சீதனமாக வந்த வயல் நாவிதன்வெளிப் பக்கம் இருக்கிறது. என் காக்கா, அதாவது என் மூத்த சகோதரன், அதைச் செய்து தந்தார். அறுப்பு முடிந்ததும் நெல்லைக் கொண்டுவந்து எங்கள் வளவில் படங்கை விரித்துக் குவித்து, மரைக்காலால் அளந்து சாக்கில் போடுவார். நெல் அளக்கும்போது முதல் மரைக்காலை ஒன்று என்று சொல்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. "பறக்கத்து" என்போம். அல்லாஹ் தருகிற பெருக்கம். அடுத்த மரைக்கால் "ரெண்டு". காரைதீவுப் பக்கத்துத் தமிழ் ஆட்கள் "லாபம்" என்று தொடங்குவார்கள். ஊர்க்காரர்கள், இது எங்களுக்குத் தெரியாதா என்று முறைக்க வேண்டாம். கொழும்பில் இருந்துகொண்டு இதை வாசிக்கிற, சோறு மரத்தில் காய்ப்பதாக நம்புகிற சொந்தக்காரருக்காகச் சொல்கிறேன்.

றிஸ்வானாவுக்கு அப்போது நாலு வயது இருக்கும். சாக்கின் மேல் ஏறி இருந்து மாமா அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தினாள்.

"மாமா, ஒண்ட உட்டுட்டீங்க!"

"உடல்ல புள்ள. ஒண்டு பறக்கத்துக்குள்ள இரிக்கி," என்றார் காக்கா.

"எங்க? நான் காணல்லயே."

காக்கா சிரித்துவிட்டு அளப்பைத் தொடர்ந்தார். அவள் தன் பாட்டுக்கு ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். மாமா பெரிய ஆள், பறக்கத்து என்று தொடங்குவது சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றை விட்டது பிழை. ஆகவே பறக்கத்து, அதற்குப் பிறகு ஒன்று, பிறகு இரண்டு. அன்று பின்னேரமே கோழிகளை எண்ணி ஒன்றைக் காணவில்லை என்று அறிவித்தாள். கூட்டுக்குள்ளும் கிணற்றடியிலும் தேடாத இடமில்லை. ஐந்து முட்டை எடுத்து வா என்றால் ஆறு கொண்டு வருவாள். எங்களுக்கு அது ஒரு பகிடி. வருகிற போகிற ஆட்களுக்கு முன்னால் எண்ணச் சொல்லி ரசித்தோம். கணக்கு டீச்சரான நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பள்ளிக்கூடத்தில் நான் அந்த வருஷங்களில் வேறொரு போரில் இருந்தேன். எழுபதுகளின் கடைசி. புதுக் கணக்கு என்று தொடைகளை, அதாவது இங்கிலீசில் 'செட்' என்கிறதை, நுழைத்திருந்தார்கள். இரண்டு தொடைகளின் இடைவெட்டு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு எட்டாம் வகுப்புப் பொடியன்மாரின் பக்கம் திரும்ப ஏலாது. சூனியத் தொடை படிப்பித்த மறுநாள் ஒரு மாணவியின் வாப்பா வயல் சேற்றுக் காலோடு வகுப்பு வாசலுக்கு வந்தார்.

"டீச்சர், புள்ளையளுக்குச் சூனியம் படிச்சிக் குடுக்கிறீங்களாமே?"

"இல்ல காக்கா, இது அந்தச் சூனியமில்ல. சைபர். ஒண்டுமில்லாதது."

அவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "ஒண்டுமில்லாததப் படிக்கவா வயல் வட்டை வேலையயும் உட்டுப்போட்டு இதுகள அனுப்புற?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

3

இங்கே வந்த முதல் கிழமை குடிவரவுக் கந்தோருக்குப் போனோம். முதலில் குடும்பப் பெயரைக் கேட்டார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? என் புருஷன் தன் வாப்பாவின் பெயரான மீராலெப்பையைச் சொன்னார். உத்தியோகத்தர் உடனே என்னை "மிஸிஸ் மீராலெப்பை" என்று எழுதினார். ஒரு பேனைக் கீறலில் நான் என் மாமனாரின் பெஞ்சாதியாகிவிட்டேன்.

"வாப்பா கேள்விப்பட்டா சந்தோசப்படுவார். தனியாத்தானே இரிக்கார்," என்று காதுக்குள் சொன்னார் என் மனிதர்.

உத்தியோகத்தர் நல்ல மனிதர். இறுக்கத்தைக் குறைக்க நினைத்து றிஸ்வானாவிடம் குனிந்து, உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கையால் காட்டிக் கேட்டார். அவள் எங்களைச் சுற்றிப் பார்த்தாள். வாய் லேசாக அசைந்தது. மூன்று விரலைக் காட்டினாள். அவர் எங்களைப் பார்த்தார். நாலு பேர் நின்றோம். அடுத்த ஒரு மணித்தியாலம் நாலாவது ஆள் யார், எந்த வழியால் வந்தது என்று விசாரணை நடந்தது. கடைசியில் என் கல்யாணச் சான்றிதழையும் கேட்டார்கள். அதில் நான் மீராலெப்பையைக் கட்டவில்லை என்று தெரிந்ததும் விசாரணை புதிதாகத் தொடங்கியது.

4

எங்கள் ஊரில் வீட்டு வேலை என்பது ஒரு கூட்டு முயற்சி. பிள்ளைகள் ஓதப்பள்ளி முடிந்து, கடற்கரையில் பந்தடித்து, மஃரிபுக்கு வீட்டுக்கு வந்தால் புத்தகத்துக்கு முன்னால் தூங்கி விழுவார்கள். காலையில் பள்ளிக்கூட மதிலோரம் குந்தியிருந்து ஒருவரின் கொப்பியைப் பார்த்து நாற்பது பேர் எழுதுவார்கள். திருத்தும்போது எனக்கு வேலை சுகம். ஒரே பிழை, ஒரே இடத்தில். முதல் ஆளைப் பிடித்தால் போதும்.

இங்கே வீட்டு வேலை எங்கள் சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. பின்னேரம் பிள்ளைகள் இருவரும் தங்களுக்குள் இங்கிலீசும் இந்த ஊர் நியாஞ்சாவும் கதைத்துச் சிரித்துக்கொள்வார்கள். நான் கிட்டப் போனால் தமிழுக்கு வருவார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கதிரை போடுவது மாதிரி.

"த்ரீ பை ஃபோர் என்ன?" என்று நான் கேட்டால், "உம்மா, அப்பிடிச் சொன்னா இஞ்ச ஒருத்தருக்கும் விளங்கா. த்ரீ ஓவர் ஃபோர்," என்பாள் றிஸ்வானா. பின்னத்தைக் கண்டுபிடித்தவளே தான்தான் என்ற மாதிரி. எனக்குக் கோபம் வரும்போது வகுப்பிலும் தமிழ்தான் வாயில் வரும். இப்போது என் வகுப்புப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பென்சில் பறிக்கும்போது "என்ன புள்ள இது!" என்கிறார்கள், அதே இழுவையோடு. சாம்பியாவின் கல்விக்கு என்னுடைய பங்களிப்பு இதுவரை அவ்வளவுதான்.

அதிபர் எச்சரித்த பிறகு மாஸ்டரிடம் போய் நெல் அளக்கும் கதையை விளக்கிப் பார்த்தேன். மெல்லிய, உயரமான மனிதர். கேலி செய்கிறவர் அல்ல. கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் உங்கள் பகுதியில் ஒன்று என்ற எண்ணே கிடையாதா?" என்றார். நான் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் பயிற்சி. மேசையில் பயறைக் கொட்டி எண்ண வைத்தேன்.

"ஒண்டு என்டு தொடங்கு."

அவள் விரல் முதல் பயற்றில் வந்து தயங்கும். உதடு குவியும். நான் அடிமட்டத்தால் மேசையைத் தட்டுவேன். விழுங்கிவிட்டு "ஒண்டு" என்பாள்.

"பாவம் அந்தப் பறக்கத்து," என்றார் என் மனிதர், பத்திரிகைக்குப் பின்னால் இருந்து. "கடல் தாண்டி விசா இல்லாம வந்து சேந்தது. உன்ட அடிமட்டத்துக்குப் பயந்து இனி ஓடப் போகுது."

"நீங்க வாயப் பொத்திட்டு இரிங்க. புள்ளய வகுப்பு எறக்கினா நீங்களா போய்ப் பக்கத்தில இரிக்கப் போறீங்க?"

இரண்டு கிழமையில் வென்றுவிட்டேன். பூச்சிகளுக்குக் கால் திரும்பி வந்தது. செம்பரத்தை ஐந்து இதழோடு பூத்தது. சோறு ஆக்க அரிசி அளப்பதும் அவள் வேலைதான். இங்கே அரிசி கிடைப்பது பெரும்பாடு. கிடைத்தாலும் வரிசையில் நின்று காலில் வேர் விடும். நாலு சுண்டு போடச் சொன்னால் இந்தப் பிள்ளை இத்தனை வருஷமும் ஐந்து போட்டு என்னிடம் ஏச்சு வாங்கியவள். இப்போது சரியாக நாலு போட்டாள்.

ஒருநாள் நானே அளந்தேன். பழக்கத்தில் "பறக்கத்து" என்று தொடங்கினேன்.

"உம்மா," என்றாள் பின்னால் நின்ற றிஸ்வானா. "ஒண்டு என்டு சொல்லுங்க."

சொன்னேன். அரிசிக்குள் ஏதோ ஹறாமானது விழுந்த மாதிரி இருந்தது. ஆனாலும் பிள்ளை படிக்க வேண்டுமே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

5

பரீட்சையன்று எனக்கு அந்தப் பாடவேளை ஓய்வு. ஓய்வறையில் இருக்க ஏலவில்லை. ஆய்வுகூட விறாந்தையில் ஜன்னலோரம் போய், அறிவித்தல் பலகையை வாசிக்கிற மாதிரி நின்றேன். பலகையில் ஒரு அறிவித்தலும் இருக்கவில்லை.

பரீட்சை இலகுவானது. ஒரு மீற்றர் நூலில் ஈயக் குண்டு தொங்கும். பிள்ளை அதை ஒரு பக்கம் இழுத்து விட்டு, அது போய் வருவதைச் சத்தமாக எண்ண வேண்டும். இருபது தரம். பள்ளிக்கூடத்தில் இருப்பது ஒரேயொரு நிறுத்தற் கடிகாரம். அதை மாஸ்டர் யாருடைய கையிலும் கொடுக்கமாட்டார். பிள்ளை குண்டை விட்டதும் அழுத்துவார், இருபது என்றதும் நிறுத்துவார். ஊரில் இதையே நான் ஆமைப் பூட்டை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுச் செய்திருக்கிறேன். அந்த நீள நூலுக்கு ஒருமுறை போய்வர இரண்டு செக்கன் எடுக்கும். ஆக விடை நாற்பது வர வேண்டும்.

முதல் பிள்ளைக்கு முப்பத்தெட்டு வந்தது. அடுத்த பிள்ளைக்கும் முப்பத்தெட்டு. அதற்கடுத்ததற்கும் அதே. மாஸ்டர் நூலை அளந்து பார்த்தார். கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். "இதைத் திருத்தக் கொடுக்க வேண்டும்," என்று தனக்குள் முணுமுணுத்தார். பிள்ளைகள் வந்தார்கள், குண்டை விட்டார்கள், "வன்" என்றார்கள், முப்பத்தெட்டோடு போனார்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. என் கவனம் முழுக்க அடுத்து நின்றவளில்.

றிஸ்வானா குண்டைப் பிடித்தாள். ஒண்டு என்டு தொடங்கு மகள், ஒண்டு என்டு தொடங்கு என்று நான் உள்ளே ஓதிக்கொண்டிருந்தேன்.

குண்டை விட்டாள்.

"பறக்கத்து," என்றாள். விறாந்தை வரை கேட்டது.

முடிந்தது கதை. இரண்டு கிழமைப் பயறும் அடிமட்டமும் போச்சு. குண்டு போய்த் திரும்பி வந்தது. "வன்," என்றாள். நான் வெறும் அறிவித்தல் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டேன். நஸ்றினின் வாங்கு என் கண்ணுக்கு முன்னால் வந்தது, இவளுடைய நீண்ட காலை மடிக்க இடமில்லாமல்.

"டுவென்டி."

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "நாற்பது," என்றார். "இன்னொரு தரம் செய். இப்போது செய்த மாதிரியே, ஒன்றையும் மாற்றாமல்."

அவளுக்கு அழுகை முட்டியிருக்க வேண்டும். குண்டை இழுத்துப் பிடித்தாள். திரும்பவும் பறக்கத்து, வன், டூ. திரும்பவும் நாற்பது.

மாஸ்டர் கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டுத் தானே குண்டை இழுத்து விட்டார். "வன்" என்று வாயெடுத்தவர் அப்படியே நின்றார். குண்டு ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் விறாந்தையில் நின்ற எனக்கும் உறைத்தது. கையை விட்டு விடும்போது குண்டு இன்னும் ஒரு தரமும் போய் வரவில்லை. அங்கேயே ஒன்று என்று தொடங்கினால் இருபது என்கிறபோது பத்தொன்பதுதான் ஆகியிருக்கும். இரண்டு செக்கன் குறையும். வகுப்பு முழுக்கப் பிழை, இவள் ஒருத்தி சரி. நான் பழக்கியபடி எண்ணியிருந்தால் இவளும் முப்பத்தெட்டோடு போயிருப்பாள்.

"நீ விடும்போது சொன்னாயே, அது உங்கள் பாஷையில் சைபரா?" என்று கேட்டார் மாஸ்டர்.

றிஸ்வானா யோசித்தாள். "இல்லை சேர். அது ஒன்றுக்கு முதல் வருவது. என்னுடைய மாமா நெல் அளக்கும்போது சொல்வார்."

"உன் மாமா பௌதிகவியல் படித்தவரா?"

"இல்லை சேர். அவர் வயல்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விறாந்தையில் நடந்தேன். எதிரே வந்த அதிபர், "மிஸிஸ் மீராலெப்பை, சுகமில்லையா?" என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெயருக்குச் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

6

வகுப்பு இறக்கவில்லை. மாஸ்டர் மறுநாளே எல்லாப் பிள்ளைகளையும் திரும்பச் செய்ய வைத்தார். இரண்டு அறை தள்ளிப் பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. நாற்பது சாம்பியப் பிள்ளைகள் ஒரே குரலில் "பரக்காட்! வன்! டூ!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலை அகலத் திறந்துவிட்டேன். என் வகுப்பில் ஒருத்தி, "என்ன புள்ள இது?" என்றாள்.

நடந்ததையெல்லாம் பாட்டுக் கெசட் நாடாவில் பேசிப் பதிந்து, லீவில் ஊருக்குப் போன ஒரு டீச்சரிடம் காக்காவுக்குக் கொடுத்தனுப்பினேன். அவர் பூரித்துப்போவார் என்று நினைத்தேன். பதில் கெசட் போன கிழமை வந்தது. ரேடியோப் பெட்டியில் போட்டு எல்லோரும் சுற்றி இருந்து கேட்டோம். பின்னணியில் சேவல் கூவியது, யாரோ தண்ணீர் அள்ளினார்கள், காக்கா தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, சுகமா இரிக்கீங்களா எல்லாரும்? மருமகள் பாஸ் பண்ணினது அல்ஹம்துலில்லாஹ். ஆனா ஒரு கத. பறக்கத்து சைபர் என்டு ஆரு சொன்ன? முப்பது வரிசமா நான் அளக்கிறன், பறக்கத்து என்டா ஒண்டு. அந்தப் பெரிய படிச்ச மாஸ்டருக்கு இத வடிவாச் சொல்லி வை. மறுகா, நாளைக்கி வயல் அவள்டதானே. ஊருக்கு வந்தாலும் களத்தில மட்டும் புள்ளய எண்ண உட்டுடாத. அவள் எண்ணினா வாங்க வாறவனுக்கு ஒவ்வொரு தரமும் ஒரு மரைக்கால் கூடப் போகும்."

றிஸ்வானா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு நாடாவைப் பின்னுக்கு ஓட்டி அந்த இடத்தையே இன்னொரு தரம் கேட்டாள். "மாமாக்கு விளங்கல்ல உம்மா," என்றாள், தமிழில். விருந்தாளிக்கு யாரும் கதிரை போடவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

சோறு ஆக்க நேரமாகியிருந்தது. அரிசிப் பேணியில் அடி தெரிந்தது. அடுத்த அரிசி எப்போது வருமோ தெரியாது.

"நாலு சுண்டு போடு மகள்," என்றேன்.

அவள் குந்தியிருந்து அளந்தாள். "பறக்கத்து. ஒண்டு. ரெண்டு. மூண்டு. நாலு."

என் மனிதர் பத்திரிகையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். நான் ஐந்து சுண்டுக்கும் தண்ணீர் வைத்தேன்.